எட்டு மாதமாகப் பார்த்தவருக்கு

உங்கள் மெயில் கிடைத்தது.
சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு
நூற்றிப் பதினேழு குப்பைகளுக்கு நடுவில்,
முடி வளர்க்கும் எண்ணெய்க்கும்
டுபாய் வேலைக்கும் இடையில்.
அனுப்பியவர் என்ற இடத்தில் என் சொந்த முகவரி.
நானே எனக்கு எழுதியதாக்கும் என்று
ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

எட்டு மாதமாக என் கமராவுக்குள் இருந்தீர்களாம்.
எல்லாம் பதிவாகி இருக்கிறதாம்.
வெட்கக்கேடான காட்சிகளாம்.
நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்
ஆயிரத்து இருநூறு டொலர்,
அதுவும் கண்ணுக்குத் தெரியாத காசில்.
இல்லாவிட்டால்
தெரிந்தவர் எல்லாருக்கும் போய்விடுமாம்.

ஐயா, அல்லது அம்மா,
அதையும் நீங்கள் சொல்லவில்லை,
இந்தக் கொம்பியூட்டரில் கமரா இல்லை.
பம்பலப்பிட்டியில் பழசாக வாங்கியது.
வெள்ளவத்தைக் கடற்காற்று
பின்பக்கத் திருகுகளைத் தின்று முடித்துவிட்டது.
றெயில் போகும்போது திரை ஒருமுறை நடுங்கும்.

ஆனாலும் கேட்கிறேன்.
பார்த்தது உண்மையென்றால்
காஸ் சிலிண்டர் ரசீதை எங்கே வைத்தேன்?
ஒக்டோபரில். பச்சை உறை.
அது இல்லாமல் டெபொசிட் காசு
திரும்பி வராது என்கிறான் கடைக்காரன்.

வெட்கக்கேடு என்று எதைச் சொல்கிறீர்கள்?
நைட்டியோடு நின்றபடி
டின்மீனை டின்னிலிருந்தே தின்றதையா?
தவகௌரி மச்சாள் போன் எடுத்தபோது
நான் குளிக்கிறேன் என்று
இவரைக் கொண்டு சொல்வித்ததையா?
மே மாதம் ஒரு இரவு
இந்தக் கதிரையில் அரை மணி நேரம்
காரணமே இல்லாமல் அழுதேன்,
அதையா?
அதைப் பார்த்திருந்தால்
காரணம் என்னவென்று எழுதுங்கள்.
எனக்கும் தெரியவேண்டும்.

பார்க்கப்படுவது எனக்குப் புதிதில்லை.
இந்த ஃபிளாட்டுக்கு வந்த வருடம்
பொலிஸ் பதிவுத் தாளில்
எத்தனை பேர், எந்த ஊர்,
கொழும்பில் தங்குவதற்குக் காரணம் என்ன என்று கேட்டு
பதிலுக்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
இரண்டு அங்குலக் கோடு.
நடுச்சாமம் கதவைத் தட்டி
கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்தவர்கள்
சப்பாத்தைக் கழற்றவில்லைத்தான்.
ஆனால் அவர்களிடம் என் பெயர் இருந்தது,
எழுத்துப் பிழையோடு என்றாலும்.
நீங்களோ
'அன்புள்ள பாவனையாளருக்கு' என்று தொடங்குகிறீர்கள்.
எட்டு மாதம் பார்த்துவிட்டா?

பதில் போட்டுவிடாதீங்க அன்ட்டி என்கிறான்
கீழ்மாடி ஃபஸ்லான்.
லட்சம் பேருக்கு ஒரே மெயில் போகுமாம்.
லட்சம் வீடுகளில்
ஒரே பின்னேரம்
யாரோ நெஞ்சில் கைவைத்து
எந்தக் காட்சி, எந்தக் காட்சி என்று
தேடியிருப்பார்கள்.
ஐந்தாறு பேராவது
உண்மையாகவே எதையோ கண்டுபிடித்திருப்பார்கள்.

ஸ்பாம் என்று முறையிடவா? கேட்டது பெட்டி.
முறையிட்டேன்.
அடையாள அட்டை கேட்கவில்லை.
எனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில்
கையெழுத்து வாங்கவில்லை.
ஒரு விநாடி. நன்றி என்றது.
என் வாழ்க்கையில்
உடனே எடுத்துக்கொண்ட ஒரே முறைப்பாடு.

நான் தேடி வந்த கரண்ட் பில்
உங்களுக்கு மூன்று வரி கீழே கிடந்தது.
அதையும் குப்பை என்றே வைத்திருந்தது பெட்டி.
அவ்வளவு பிழையும் இல்லை.

எழும்பி உலை வைக்கப் போனவள்
திரும்பி வந்து
நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றி
திரையின் மேல் விளிம்பில்,
கமரா இருந்தால் எங்கே இருக்குமோ
அங்கே ஒட்டினேன்.
அரக்குச் சிவப்பு.
நல்ல நடு நெற்றி.

இவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி
திரையை நேருக்கு நேர் பார்த்து
பில் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.